சைக்கிள்காரர் விழுந்தால் கார் ஓட்டுநர் செய்ய வேண்டியவை: தென்னாப்பிரிக்கச் சட்டம் பற்றி ஓர் எளிய விளக்கம்

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு இறங்கிவரும் பழைய சாலையில் ஒரு காரின் பக்கக் கண்ணாடி சைக்கிளில் போகிறவரின் முழங்கையை உரசுகிறது. அவர் தடுமாறிச் சரளையில் விழுகிறார். இன்னொரு நாள், இன்னொரு கார் அவரைத் தொடவே இல்லை; ஆனால் மிக நெருங்கிக் கடந்ததில் மிரண்டு, சைக்கிளை இடப்பக்கம் ஒடித்து வடிகாலில் விழுகிறார். இரண்டு இடத்திலும் ஓட்டுநரின் மனத்தில் முதலில் எழுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: தப்பு யார் மேல்? சட்டம் முதலில் கேட்பதோ வேறு: விழுந்தவருக்கு அடிபட்டிருக்கிறதா? முதலில் கேட்க வேண்டியதைப் பின்னால் தள்ளிவிடுவதால்தான் நல்லவர்கள் எனப் பெயரெடுத்தவர்கள்கூட விபத்து நடந்த இடத்தைவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே நிற்கும் கடமை என்றால் என்ன, அது யாருக்கு உண்டு, எதுவரை செல்லும் என்பதை இங்கே முதலிலிருந்து விளக்க முயல்கிறேன்.

சட்டம் சொல்வது

1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 61-ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஒரு வண்டி விபத்தில் சம்பந்தப்பட்டிருந்தாலோ விபத்து நேர ஒரு காரணமாக இருந்தாலோ, அந்த வண்டியை ஓட்டியவர் உடனே நிறுத்த வேண்டும்; யாருக்கேனும் காயமா, எவ்வளவு காயம் என்று இறங்கிப் பார்த்து அறிய வேண்டும்; காயம் இருந்தால் தம்மால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டும்; பொருளுக்கு என்ன சேதம் என்று பார்க்க வேண்டும்; கேட்க உரிமையுள்ளவர் கேட்டால் தம் பெயர், முகவரி, வண்டி உரிமையாளரின் பெயர், முகவரி, வண்டி எண் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அந்த விவரங்களை அங்கேயே ஒரு போக்குவரத்து அதிகாரியிடம் தந்திருக்காவிட்டால், ஒருவர் இறந்தோ காயமுற்றோ இருக்கும்போது 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்; பொருட்சேதம் மட்டும் என்றால் அடுத்த வேலைநாளுக்குள் தெரிவித்தால் போதும். பதற்றம் தணியட்டும் என்று ஒரு மடக்கு மது குடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தெரிவிக்கும் கடமை முடியும்வரை அதையும் இப்பிரிவு தடுக்கிறது. மருத்துவரே சொன்னாலோ கொடுத்தாலோ மட்டுமே விலக்கு.

மேலே சொன்னவற்றில் 'ஒரு காரணமாக இருந்தாலோ' என்பதை வாசகர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். வடிகாலில் விழுந்த சைக்கிள்காரரைத் தொடாமல் கடந்தவருக்கும் இந்தக் கடமை உண்டு என்பது அதிலிருந்துதான் வருகிறது. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்பது பதிலாகாது. அதேபோல் இப்பிரிவு தவறு செய்த ஓட்டுநரைத் தனியே பிரித்துப் பேசவில்லை. சைக்கிள்காரர் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்திருக்கலாம், இருட்டில் விளக்கில்லாமல் வந்திருக்கலாம்; ஓட்டுநர் முழுக்க முழுக்கச் சரியாகவே ஓட்டியிருக்கலாம். அப்போதும் நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், உதவ வேண்டும். மாடு, குதிரை, ஆடு, பன்றி, நெருப்புக்கோழி, நாய் ஆகியவற்றுக்கு அடிபட்டாலும் இக்கடமை உண்டு என்று அச்சட்டம் பட்டியலிட்டே சொல்கிறது. வாயில்லாச் சீவனுக்காக நிற்கச் சொல்லும் சட்டம் அதிகாலையில் வேலைக்குப் போகும் மனிதனுக்காக நிற்கச் சொல்வதில் வியப்பில்லை. அப்படியிருந்தும் நாம் நிற்காமல் போவதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

திருவாரூரில் தேர்க்காலில் கன்று அடிபட்ட கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் கன்று தானாகத்தான் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை. 'கன்று ஏன் குறுக்கே வந்தது' என்று சோழன் விசாரணையைத் தொடங்கவில்லை. மணியடித்த பசுவிடம் போய் நின்றான். அவன் விதித்த தண்டனை நமக்கு உடன்பாடில்லாமல் இருக்கலாம். ஆனால் எங்கே போய் முதலில் நிற்க வேண்டும் என்பதில் அந்தக் கதைக்குத் தடுமாற்றமே இல்லை.

ஒருவர் இறந்து அல்லது பலத்த காயமுற்று, ஓட்டுநர் நிற்காமலோ பார்க்காமலோ உதவாமலோ தெரிவிக்காமலோ போனதும் நிரூபிக்கப்பட்டால், அபராதமோ 9 ஆண்டுகள் வரை சிறையோ விதிக்கலாம். இது விபத்தை உண்டாக்கிய குற்றத்திலிருந்து வேறான தனிக்குற்றம். ஓட்டியதில் கவனக்குறைவு இல்லை என்று நீதிமன்றம் ஒருவரை விடுவித்தாலும், நிற்காமல் போனதற்காக அவரைத் தண்டிக்க முடியும். தப்பே செய்யாதவர் ஓடிப்போவதால் குற்றவாளியாகிறார் என்பது இதன் பொருள்.

சட்டத்தின் பார்வையில் சைக்கிளும் ஒரு வண்டி, அதை மிதிப்பவரும் ஓர் ஓட்டுநர் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சைக்கிள்காரர் ஒரு பாதசாரியை இடித்தால் அவருக்கும் இதே கடமைகள்தான். தலைக்கவசம் அணிவதும், முந்திச் செல்லும் நேரம் தவிர ஒருவர்பின் ஒருவராகச் செல்வதும், ஓடும் வண்டியைப் பிடித்துக்கொண்டு போகாமலிருப்பதும் அவருக்கு விதிக்கப்பட்டவை.

பணம் கட்ட நேரும் என்ற அச்சம்

ஓடிப்போகிறவர்கள் பலருக்கு உள்ளுக்குள் இருப்பது கொடூரமல்ல, பயம். 'நின்றால் நான்தான் குற்றவாளி என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆயுசுக்கும் மருத்துவச் செலவு கட்ட வேண்டிவரும்' என்பார்கள். இந்த நாட்டில் இந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் ஆதாரமில்லை என்பதைத்தான் நான் இக்கட்டுரையில் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் டீசலிலும் 2 ரேண்டுக்குச் சற்று மேல் சாலை விபத்து நிதியத்துக்குப் போகிறது. மோட்டார் வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவால் உடலில் காயமுற்றவருக்கோ, இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கோ இழப்பீடு தரும் பொறுப்பு அந்த நிதியத்துடையது. சைக்கிள்காரர் பெட்ரோல் வாங்குவதில்லை. ஆனாலும் மோட்டார் வண்டியால் அடிபட்டால் அவருக்கும் அதே உரிமை உண்டு. 2008 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, உடற்காயத்துக்காக ஓட்டுநர்மீதே நேரடியாக வழக்குப் போட முடியாது. கோரிக்கை நிதியத்திடம்தான் செல்ல வேண்டும். அரசியலமைப்பு நீதிமன்றமும் 2010-இல் இந்தத் திருத்தத்தைச் செல்லும் என்று ஏற்றது. குடித்துவிட்டு ஓட்டியவர், உரிமம் இல்லாமல் ஓட்டியவர் போன்றோரிடமிருந்து நிதியம் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்க இடமுண்டு. உடைந்த சைக்கிளின் விலை நிதியத்தின் வரம்புக்குள் வராது; அதைத் தவறு செய்த ஓட்டுநரிடம் கேட்கலாம். மற்றபடி, நிதானமாக, உரிமத்தோடு ஓட்டிய ஒருவர் நின்று உதவினால் அவருடைய வீடு ஏலம் போகும் என்பது வெறும் பயம்.

காப்பீட்டு நிறுவனங்கள் 'பொறுப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பது உண்மை. சிலர் இதை 'எதுவும் பேசாதே, கிட்டப் போகாதே' என்று புரிந்துகொள்கிறார்கள். காயத்தின் மேல் துணி வைத்து அழுத்துவதும், ஆம்புலன்சை அழைப்பதும், பெயரும் வண்டி எண்ணும் தருவதும் பொறுப்பை ஒப்புக்கொள்வதாகா. 'தப்பு என்னுடையதுதான்' என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை. சொல்ல வேண்டியது: 'அசையாமல் இருங்கள் தம்பி, ஆம்புலன்ஸ் வருகிறது.'

ஓட்டுநர் அடையாளம் தெரியாமல் போய்விட்டால் யார் நட்டப்படுகிறார் என்றும் பார்க்க வேண்டும். ஓட்டுநர் யாரென்று தெரிந்த விபத்தில் நிதியத்திடம் கோரிக்கை கொடுக்க மூன்று ஆண்டுகள் உண்டு; தெரியாத விபத்தில் இரண்டு ஆண்டுகள்தான். அதோடு, யாரோ ஒருவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்பதைக் காயமுற்றவரே சாட்சி தேடி நிறுவ வேண்டியிருக்கிறது. நினைவிழந்து கிடந்தவர் எங்கே போய்ச் சாட்சி தேடுவார்? நாம் கொடுக்காமல் போன ஒரு வண்டி எண், ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு வரவேண்டிய பல ஆண்டு வருமானத்தை இல்லாமல் ஆக்கிவிடக்கூடும்.

தப்பு யார் மேல் என்ற கேள்விக்கும் இடம் இருக்கிறது. அது பிறகு வருகிறது. இரு தரப்பிலும் பிழை இருந்தால், 1956-ஆம் ஆண்டின் இழப்பீட்டுப் பகிர்வுச் சட்டப்படி காயமுற்றவரின் பங்குக்கு ஏற்ப அவருடைய தொகை குறையும். விளக்கில்லாமல் வந்த சைக்கிள்காரர் அதற்கான விலையை அங்கே கொடுப்பார்.

சைக்கிள்காரரைப் பற்றிய எண்ணம்

ஒருவர் விழுந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பது, விழுவதற்கு முன் அவரை என்னவாகப் பார்த்தோம் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 442 பேரிடம், சைக்கிள்காரர்களை எந்த அளவுக்கு முழு மனிதராகக் கருதுகிறீர்கள் என்று படங்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முழு மனிதருக்குக் கீழே ஓர் இடத்தைத்தான் காட்டினார்கள். அப்படிக் குறைத்து மதித்தவர்களே, சைக்கிள்காரரை வேண்டுமென்றே நெருக்கியது, வழிமறித்தது போன்றவற்றைச் செய்ததாக அதிகம் ஒப்புக்கொண்டார்கள். ஆய்வு நடந்த இடம் வேறு. ஆனால் டர்பனில் நம்மவர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு திருமண வீட்டில் ஆண்கள் கூடிப் பேசும்போது சைக்கிள்காரர்களைப் பற்றிய பேச்சு எழுந்தால், அதே மனநிலையை நம் தமிழர்களிடமும் கேட்கலாம். 'வரி கட்டாதவனுக்கு ரோடு எதற்கு' என்பது அங்கே வழக்கமாக வரும் வாக்கியம்.

அந்த வாக்கியத்தில் உண்மை இல்லை. பொது எரிபொருள் வரி தேசிய வருவாய் நிதிக்குள் போய் மற்ற வரிகளோடு கலந்துவிடுகிறது; சாலைக்கென்று தனியே எடுத்து வைக்கப்படுவதில்லை. ரொட்டி வாங்கப் போகும் கடையில் மதிப்புக் கூட்டு வரி கட்டும் எவருக்கும், காரில் வருபவருக்கு இருப்பது போலவே அந்தப் பொதுப்பணத்தில் பங்கிருக்கிறது.

மேலும், சைக்கிள் என்றால் வண்ணச் சட்டை போட்டு ஞாயிற்றுக்கிழமை குழுவாகப் போகிறவர்கள் மட்டுமல்லர். விடியற்காலையில் இசிபிங்கோ, ஜேக்கப்ஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு டாக்சிக் கூலியை மிச்சம் பிடிக்க மிதித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரவுக் காவல் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். போக்குவரத்துத் துறை 2001-இல் தொடங்கிய ஷோவா கலுலா திட்டத்தில் கிடைத்த சைக்கிளில் தூரத்துப் பள்ளிக்குப் போகும் கிராமப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டியவருக்கும் இதே சாலைதான். 2012 லண்டன் போட்டியில் மலைச் சைக்கிள் பிரிவில் ஐந்தாம் இடம் பெற்ற பரி ஸ்டாண்டர், 2013 ஜனவரி 3 அன்று நம் தென்கரையில் ஷெல்லி பீச் அருகே பயிற்சியில் இருந்தபோது மினிபஸ் டாக்சி ஒன்று மோதி இறந்தார்.

காருக்குள் இருப்பவருக்குப் புரியாத ஒன்று, சைக்கிள்காரர் ஏன் ஓரத்தை ஒட்டிப் போவதில்லை என்பது. மஞ்சள் கோட்டுக்கு இடப்பக்கமுள்ள பட்டையை ஒருநாள் நடந்து பார்த்தால் தெரியும். உடைந்த பீர் பாட்டில் கண்ணாடி, லாரிச் சக்கரத்திலிருந்து பிரிந்த கம்பி, கரும்பு லாரியிலிருந்து விழுந்த சக்கை, சக்கரம் போகும் திசையிலேயே கம்பிகள் அமைந்த வடிகால் மூடி, தார் ஓரம் இடிந்து ஒரு கை ஆழத்துக்குக் கீழே இறங்கும் விளிம்பு ஆகியவை எல்லாம் அங்கேதான் இருக்கும். இவற்றில் ஒன்றைத் தவிர்க்க சைக்கிள் அரை மீட்டர் உள்ளே வருவதைத்தான் நாம் 'திடீரென்று குறுக்கே வந்தான்' என்கிறோம். முந்தும்போது பாதுகாப்பான இடைவெளி விட வேண்டும் என்ற தேசிய விதியின் காரணம் இதுவே. மேற்குக் கேப் மாகாணம் 2013-இல் இதை அளவாகவே சொன்னது: குறைந்தது 1 மீட்டர். வேகமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தைவிட 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் வண்டியின் ஆற்றல் நான்கு மடங்கு.

வழியில் போகிறவரின் கடமை

விபத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அந்த வழியே வருபவருக்கு 61-ஆம் பிரிவு பொருந்தாது. பிரான்சு நாட்டுச் சட்டம் நடப்பிலிருக்கும் ரியூனியன் தீவில், தனக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தும் உதவாத எவரும் குற்றவாளியே. தென்னாப்பிரிக்காவில் அப்படிப் பொதுச்சட்டம் இல்லை. 1975-ஆம் ஆண்டின் ஈவல்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியபடி, சும்மா இருந்தது சட்டப்படி தவறாவதற்கு, அது தார்மீகக் கோபத்தை எழுப்புவதோடு சமூகத்தின் நீதியுணர்வும் அதைச் சட்டத் தவறாகவே கருத வேண்டும். அந்த வழக்கில் கண்முன் ஒருவர் தாக்கப்படும்போது பார்த்துக்கொண்டிருந்த காவலர்களுக்கு அப்படிக் கடமை இருந்தது. ஆகவே சாதாரண வழிப்போக்கர் நிற்பது சட்டத்தின் கட்டாயத்தால் அல்ல, மனச்சாட்சியால்.

அந்த மனச்சாட்சி எதனால் தடுக்கப்படுகிறது என்பதற்கு அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களிடம் நடந்து 1973-இல் வெளியான சோதனை நல்ல விளக்கம் தருகிறது. உரையாற்றப் போகும் வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சரிந்து கிடந்தார். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே உதவினர். எல்லோரும் நல்லவர்களே, வேறுபட்டது அவசரம். காரில் போகிற நாம் எந்நேரமும் அந்த இரண்டாம் கூட்டத்தில்தான் இருக்கிறோம்.

உதவி தவறாகிப் போனால் நம்மீதே வழக்கு வரும் என்று தயங்க வேண்டாம். ஒரு நியாயமான மனிதர் அந்த அவசரத்தில் எப்படி நடந்திருப்பார் என்பதே நீதிமன்றத்தின் அளவுகோல். மருத்துவரின் திறமையை அது உங்களிடம் எதிர்பார்ப்பதில்லை.

இரவில் நிறுத்தினால் கொள்ளைக்காரர் வருவார்கள் என்ற அச்சம் இந்த நாட்டில் பொய்யான அச்சமல்ல. வழிப்போக்கராக இருந்தால் பாதுகாப்பான தூரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்துச் சொல்வதும் உதவிதான். விபத்தில் சம்பந்தப்பட்டவராக இருந்து, நிற்பதே உயிருக்கு ஆபத்து என்ற நிலை உண்மையாகவே இருந்தால், உடனே காவல்துறையின் 10111-ஐ அழைத்து, இடத்தைச் சொல்லி, ஆம்புலன்சையும் கேட்டுவிட்டு, நேரே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அந்த அச்சம் உண்மையா, சாக்கா என்பதை அடுத்த பத்து நிமிடம் அவர் செய்ததே காட்டிவிடும். வீட்டுக்குப் போய்க் காரைக் கழுவியவர் அச்சத்தைக் காரணம் சொல்ல முடியாது.

நின்ற பிறகு

அபாய விளக்குகளைப் போட்டு, விழுந்தவர்மேல் இன்னொரு வண்டி ஏறாதபடி தடுப்பதே முதல் வேலை. ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112-ம் இணையும். 'ஹிக்கின்சன் நெடுஞ்சாலை' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் திசைப் பக்கம், எந்தச் சந்திப்புக்கு அப்பால், பக்கத்தில் என்ன கோயில் அல்லது பள்ளி என்பதைச் சொல்ல வேண்டும். பெரிய நெடுஞ்சாலையானால் ஓரத்திலுள்ள கிலோமீட்டர் பலகையின் எண்ணைப் படித்துச் சொல்வது நல்லது. இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்த வேண்டும். தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றக் கூடாது. மூச்சுவிடவே முடியாமல் இருந்தாலன்றிக் கழுத்தை அசைக்கக் கூடாது. நம் வழக்கப்படி உடனே தண்ணீர் கொடுக்கத் தோன்றும். அதுவும் கூடாது, மூச்சுக்குழாயில் போகலாம், அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். காயமுற்றவர் இருக்கும் விபத்தில் வண்டியை நகர்த்த அதிகாரியின் அனுமதி வேண்டும். சாலை முழுவதும் அடைபட்டிருந்தால் மட்டும், வண்டி நின்ற இடத்தைத் தரையில் தெளிவாகக் குறித்துவிட்டுத் தேவையான அளவு நகர்த்தலாம்.

மருத்துவமனை சேர்த்துக்கொள்ளுமா என்ற கவலை அடுத்து வரும். 'எவருக்கும் அவசர மருத்துவச் சிகிச்சை மறுக்கப்படலாகாது' என்று அரசியலமைப்பின் 27(3) சொல்கிறது. இதன் பொருளை 1997-இல் விளக்கிய வழக்கைத் தொடுத்தவர் நம் டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சூப்ரமணி. சிறுநீரகம் செயலிழந்த அவர் அடிங்டன் மருத்துவமனையில் தொடர்ச்சியான சிகிச்சை கேட்டார். நாட்பட்ட நோய் இந்த விதிக்குள் வராது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது. ஆனால் அதே தீர்ப்பில், திடீர்ப் பேரிடருக்கு ஆளானவரைச் சிகிச்சை தரக்கூடிய மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பி அனுப்பக் கூடாது என்பதே இவ்விதியின் நோக்கம் என்றது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை மேற்கு வங்காள மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியது பற்றிய இந்திய வழக்கையும் அது எடுத்துப் பேசியது. தனக்குப் பயன்படாத வழக்கில் சூப்ரமணி பெற்றுத்தந்த அந்த விளக்கம், இன்று சாலையில் அடிபடும் ஒவ்வொருவருக்கும் உரியது.

அடிக்கடி நடக்கும் இன்னொன்றும் உண்டு. விழுந்தவர் எழுந்து நிற்கிறார். முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டு, 'ஒன்றுமில்லை, நான் போகிறேன்' என்கிறார். வேலைக்கு நேரமாகிவிட்டது; முதலாளியிடம் பயம்; வெளிநாட்டுத் தொழிலாளியாக இருந்தால் காவல்துறையிடமும் பயம். ஓட்டுநர் 200 ரேண்டு நோட்டு ஒன்றைக் கையில் திணிக்கிறார், இருவரும் பிரிகிறார்கள். அந்த நோட்டு 61-ஆம் பிரிவின் எந்தக் கடமையையும் தீர்ப்பதில்லை. அதிர்ச்சியில் வலி தெரியாமலிருக்கலாம். தலைக்குள் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டலாம். எனவே அவர் வேண்டாம் என்றாலும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள், அவருடையதை வாங்கிக்கொள்ளுங்கள். தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே அழைத்துப் போங்கள். நின்று பார்த்தவர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிந்து, அவர்கள் தரும் பதிவு எண்ணையும் அந்தச் சைக்கிள்காரருக்கு அனுப்புங்கள். சாலை விபத்து நிதியத்துக்கு ஓட்டுநரும் உரிமையாளரும் 14 நாட்களுக்குள் தர வேண்டிய படிவம் ஒன்று உண்டு. அதை நிரப்ப மறந்துவிடுகிறவர்கள் ஏராளம்.